ஒரு முகமும் இரு உள்ளங்களும்

தமக்குத் தீங்கு செய்தவருக்குத் திருப்பிச் செய்தால்தான் மனம் ஆறும் என்ற எண்ணம் சிறு குழந்தைக்கும் உண்டு. கல் தடுக்கி விழுந்து அழும் குழந்தையைத் தூக்கி, அந்தக் கல்லை நாலு அடி அடித்துக் காட்டினால் அழுகை நின்றுவிடுகிறது அன்றோ? கல்லை அடித்துச் சிரித்த அந்தக் கை வளர்ந்து பெரிதானால் என்ன செய்யும்? எத்தனையோ நாடகங்களுக்கும் திரைப்படங்களுக்கும் இந்தக் கேள்வியே கரு.

இவ்வாண்டு எங்கள் பள்ளித் தமிழ் இலக்கிய மன்றத்தில் ‘பழி வாங்குவது நீதியாகுமா?’ என்ற தலைப்பில் பட்டிமன்றம் நடைபெற்றது. அதற்குக் குறிப்பெடுக்கத் தொடங்கிய நாங்கள் தேடித் தேடி, முடிவில் எங்கள் ஊரிலேயே வந்து நின்றோம். புதுக்கோட்டை தந்த நடிகர் பி. யு. சின்னப்பா 1940ஆம் ஆண்டில் நடித்த ‘உத்தம புத்திரன்’ என்ற படம்தான் எங்களை அப்படி நிறுத்தியது. மேல்நாட்டுப் படமொன்றைத் தழுவித் தமிழில் எடுக்கப்பட்டது அது. 18 ஆண்டுகள் கழித்து, 1958இல், அதே கதை அதே பெயரில் சிவாஜி கணேசன் நடிக்க மீண்டும் வந்தது. கதை ஒன்று, நடிகர் இருவர், ஏற்ற வேடங்களோ நான்கு. இக்கதை எங்கிருந்து வந்தது, எப்படி நடிக்கப்பட்டது, நமக்கு என்ன சொல்கிறது என்பதை இங்கே காண்போம்.

மூடிய முகம்

கதையின் வேர் பிரான்சு நாட்டில் இருக்கிறது. பதினான்காம் லூயி மன்னனின் ஆட்சியில், 1669ஆம் ஆண்டு, ஒரு மனிதன் கைது செய்யப்பட்டான். சிறைக்குச் சிறை மாற்றப்பட்டு, 1698இல் பாரிசு நகரத்துப் பாஸ்டில் சிறைக்குக் கொண்டு வரப்பட்டான். அங்கேயே 1703இல் இறந்தான். 34 ஆண்டுகள் சிறையிருந்த அவன் முகத்தைப் பிறர் காணாதவாறு ஒரு முகமூடி மறைத்திருந்தது. அவன் யார், அவன் செய்த குற்றம் என்ன என்பது பற்றி அறிஞர்கள் இன்றளவும் வாதிட்டு வருகின்றனர்.

அந்த முகமூடி உண்மையில் கறுப்பு வெல்வெட்டுத் துணியால் ஆனது. அதை இரும்பாக்கியவர்கள் எழுத்தாளர்கள். அந்தக் கைதி மன்னனுக்கே உடன்பிறந்தவன் என்று வால்டேர் என்ற பேரறிஞர் எழுதினார். பின்னர் அலெக்சாண்டர் டூமாஸ் என்ற நாவலாசிரியர், அவன் மன்னனோடு இரட்டையராகப் பிறந்தவன் என்று கற்பனை செய்து, 1847 முதல் 1850 வரை வெளிவந்த தம் பெரிய நாவலில் சேர்த்துவிட்டார். துணி இரும்பானது, கைதி இளவரசன் ஆனான், கதையும் உலகெங்கும் பரவியது.

1939இல் ஜேம்ஸ் வேல் என்ற இயக்குநர் இதை ஹாலிவுட்டில் படமாக்கினார். லூயி ஹேவர்டு என்ற நடிகர் கொடிய மன்னனாகவும் நல்ல தம்பியாகவும் இரு வேடங்களில் தோன்றினார். தன் முகத்தையே உடைய தம்பியைக் கண்டு அஞ்சும் மன்னன், அவனுக்கு இரும்பு முகமூடி பூட்டிச் சிறையில் அடைக்கிறான். உள்ளே தாடி வளர்ந்து வளர்ந்து அவன் மூச்சையே அடைக்கட்டும் என்பது அந்தக் கொடியவனின் எண்ணம். கேட்கும்போதே நமக்கு மூச்சு முட்டுகிறதல்லவா?

சேலத்திற்கு வந்த கதை

அந்த ஆங்கிலப் படம் வெளிவந்த மறு ஆண்டே தமிழில் ‘உத்தம புத்திரன்’ தயாராகிவிட்டது. எடுத்தவர் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் அதிபர் டி. ஆர். சுந்தரம். இங்கிலாந்து சென்று நெசவுத் தொழில்நுட்பம் படித்துத் திரும்பியவர் அவர். மலையாளத்தின் முதல் பேசும்படமான ‘பாலன்’ (1938), தமிழின் முதல் வண்ணப்படமான ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ (1956) இரண்டும் அவருடைய நிறுவனம் தந்தவையே. புதியதொன்றை முதலில் செய்து பார்ப்பது அவர் இயல்பு. தமிழ்த் திரையில் ஒரே நடிகரை இரு வேடங்களில் தோன்றச் செய்த முதல் படம் என்ற பெருமையையும் ‘உத்தம புத்திரன்’ அவருக்குத் தேடித் தந்தது. கதாநாயகி எம். வி. ராஜம்மா. நகைச்சுவைக்கு என். எஸ். கிருஷ்ணனும் டி. ஏ. மதுரமும்.

நம் மண்ணுக்கு இக்கதை வெகு எளிதாக ஒட்டிக்கொண்டதில் வியப்பில்லை. 1940இல் புதுக்கோட்டை ஒரு தனி சமஸ்தானம். தொண்டைமான் மன்னர் அரண்மனையில் இருந்தார். ராஜ வீதிகளில் ஊர்வலம் சென்றது. சமஸ்தானம் 1948இல்தான் சென்னை மாகாணத்தோடு இணைந்தது. அன்றைய அரண்மனைதான் இன்று நாம் விண்ணப்பத்தோடு போய் நிற்கும் மாவட்ட ஆட்சியர் அலுவலகம். மன்னரைக் கண்ணால் கண்டு வளர்ந்த ஊரார்க்கு, அரியணையில் அமர்ந்தவன் நல்லவனா கெட்டவனா என்பது வெறும் கதையாக இருந்திருக்க முடியாது.

நம் ஊர்ச் சின்னப்பா

பி. யு. சின்னப்பாவின் பெயருக்கு முன் நிற்கும் ‘பி’ என்ற எழுத்து நம் புதுக்கோட்டை. ‘யு’ என்பது அவருடைய தந்தையார் உலகநாத பிள்ளை. 1916இல் பிறந்த சின்னப்பா, தந்தையைப் போலவே நாடக மேடை ஏறினார். அந்நாளில் ‘பாய்ஸ் கம்பெனி’ என்ற பெயரில் சிறுவர்களை மட்டும் கொண்ட நாடகக் குழுக்கள் ஊர் ஊராகச் சென்று நடித்து வந்தன. அவற்றுள் புகழ்பெற்ற மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் சின்னப்பா பாடி நடித்து வளர்ந்தார். பின்னாளில் பெரும்புகழ் எய்திய எம். ஜி. ராமச்சந்திரனும் அக்குழுவில் இருந்தவரே.

பதின்ம வயதில் சின்னப்பாவின் குரல் உடைந்தது. பாட்டே மூலதனமாக இருந்த மேடையில் குரல் போனால் பிழைப்பும் போயிற்று. ஆனால் அவர் சோர்ந்துவிடவில்லை. முறையாக இசை பயின்றார். சிலம்பம் கற்றார், உடற்பயிற்சியில் ஈடுபட்டார். இழந்த குரலைப் புதிய குரலாக மீட்டுக்கொண்டு 1936இல் ‘சந்திரகாந்தா’ படத்தின் மூலம் திரைக்கு வந்தார். பாட்டும் வாளும் ஒருவரிடமே கூடிய நடிகர் அக்காலத்தில் அரியவர். இரண்டு அரச குமாரர்களாகத் தோன்றி, பாடவும் சண்டையிடவும் வேண்டிய கதைக்கு அவரைவிடப் பொருத்தமானவர் யார் இருந்திருக்க முடியும்? பின்னணிப் பாடகரை நம்பாமல் தம் பாட்டைத் தாமே பாடிய தலைமுறை அது என்பதையும் நாம் நினைவில் வைக்க வேண்டும்.

பின்னர் ‘ஆர்யமாலா’, ‘கண்ணகி’, ‘ஜகதலப்பிரதாபன்’, ‘மங்கையர்க்கரசி’ என்று அவர் புகழ் ஓங்கியது. 1951இல், 35 வயதிலேயே அவர் மறைந்தார்.

ஒருவரே இருவராவது எப்படி?

இன்று கணிப்பொறி இருக்கிறது; ஒருவரை நூறு பேராகவும் காட்டலாம். 1940இல் அப்படியொன்றும் இல்லை. அக்காலக் கலைஞர்கள் கையாண்ட முறையைத் தோழியர் அறிந்துகொள்வது பயனுடையது.

காமிராவின் லென்சுக்கு முன்னால் ஒரு பாதியைக் கறுப்புத் தகட்டால் மறைத்துவிடுவார்கள். நடிகர் திறந்திருக்கும் பாதியில் நின்று ஒரு வேடத்தை நடிப்பார். பிலிமின் அந்தப் பாதியில் மட்டுமே உருவம் பதியும். பிறகு பிலிமை இருட்டில் பழைய இடத்திற்கே திருப்பிச் சுற்றுவார்கள். நடிகர் உடை மாற்றி வருவார். இப்போது முன்பு திறந்திருந்த பாதியை மூடி, மூடியிருந்த பாதியைத் திறந்து மறு வேடத்தைப் படம் பிடிப்பார்கள். காமிரா ஒரு மயிரிழை அசைந்தாலும் நடுவே கோடு தெரிந்துவிடும். முதல் வேடம் கையை நீட்டி எல்லையைத் தாண்டினால், படத்தில் கை பாதியில் அறுந்து நிற்கும். எதிரே யாரும் இல்லாத வெற்றிடத்தை உற்று நோக்கிக் கோபப்பட வேண்டும். சற்று முன் தாமே பேசிய வசனத்திற்கு, நொடி தவறாமல் தாமே விடையளிக்க வேண்டும். இருவரும் நெருங்கிப் பொரும் இடங்களில், முதுகு காட்டி நிற்க ஒத்த உடற்கட்டுடைய வேறொருவரை நிறுத்துவார்கள்.

லென்சை மறைக்கும் அந்தத் தகட்டுக்குப் படப்பிடிப்பாளர்கள் வைத்திருக்கும் பெயர் என்ன தெரியுமா? ‘மாஸ்க்’, அதாவது முகமூடி! முகமூடியின் கதையை முகமூடியைக் கொண்டே எடுத்திருக்கிறார்கள்.

இக்கலையில் சின்னப்பா மேலும் தேறினார். 1944இல் வெளிவந்த ‘ஜகதலப்பிரதாபன்’ படத்தில், ஒரே காட்சியில் பாடகராகவும் பக்கவாத்தியக்காரர்களாகவும் ஐந்து சின்னப்பாக்கள் அமர்ந்து கச்சேரி செய்கிறார்கள். சிவாஜி கணேசன் ‘திருவிளையாடல்’ (1965) படத்தில் பாடகராகவும் வாத்தியக்காரர்களாகவும் ஒருவரே தோன்றியதைக் கண்டு வியக்கும் நாம், அதற்கு 21 ஆண்டுகளுக்கு முன்பே நம் ஊர்க்காரர் அதைச் செய்துவிட்டார் என்று பெருமைப்படலாம்.

மீண்டும் வந்த உத்தம புத்திரன்

1950களில் இக்கதையை மறுபடி எடுக்க இருவர் விரும்பினர். சிவாஜி கணேசனை வைத்து வீனஸ் பிக்சர்ஸ் நிறுவனம் ‘உத்தம புத்திரன்’ எடுப்பதாக அறிவித்தது. எம். ஜி. ராமச்சந்திரனும் அதே பெயரை அறிவித்தார். போட்டி முற்றியிருந்தால் வழக்கும் பகையுமாக முடிந்திருக்கும். எம்.ஜி.ஆர். விலகிக்கொண்டார், அதே 1958இல் இரட்டை வேடங்கள் கொண்ட ‘நாடோடி மன்னன்’ என்ற வேறொரு படத்தைத் தாமே தயாரித்து இயக்கி வெளியிட்டார். இரண்டு படங்களும் வெற்றி பெற்றன. விட்டுக்கொடுத்தவர் எதையும் இழந்துவிடவில்லை.

டி. பிரகாஷ்ராவ் இயக்கி, ஸ்ரீதர் கதை வசனம் எழுதிய 1958 படத்தில் நல்லவனின் பெயர் பார்த்திபன். கெட்டவனின் பெயர் விக்கிரமன். இருவரையும் பிறந்தபோதே பிரித்துவிடுகிறான் தாய்மாமனான நாகநாதன். அந்த வேடத்தில் எம். என். நம்பியார் நடித்தார். ஒரு குழந்தை எளியவர் வீட்டில் அன்போடு வளர்கிறது. மற்றொன்று அரண்மனையில், மாமனின் கைப்பாவையாக, ஆடலிலும் மதுவிலும் வளர்கிறது. மந்திரியின் மகளாகப் பத்மினி நடித்திருக்கிறார்.

இப்படத்தைப் பள்ளி மண்டபத்தில் நாங்கள் பார்த்தபோது உடையையும் நகையையும் மறந்துவிட்டுச் சிவாஜியின் நடையை மட்டும் கவனிக்குமாறு எங்கள் தமிழாசிரியை சொன்னார். அப்படியே கவனித்தோம். பார்த்திபன் எதிரே நிற்பவரை நேராகப் பார்க்கிறான். அவன் கைகள் தேவையின்றி அசைவதில்லை. விக்கிரமனோ நிலையாக நிற்பதே இல்லை. ஓர் அலட்சியமான தோள் அசைவு, உதட்டில் ஒரு கோணல் சிரிப்பு, பிறர் பேசி முடிக்குமுன்பே திரும்பிவிடும் தலை. ஒரே முகம்தான். ஆனால் வாயைத் திறப்பதற்கு முன்பே இவன் யார் என்று கடைசி வரிசையில் இருந்த ஆறாம் வகுப்புச் சிறுமியும் சொல்லிவிட்டாள்.

இதைவிடக் கடினமான கட்டம் ஒன்று உண்டு. நல்லவன் கெட்டவனைப் போல நடிக்க வேண்டிய இடம் அது. அரண்மனையில் எல்லோரும் அவனை விக்கிரமன் என்று நம்ப வேண்டும். பார்க்கும் நமக்கோ உள்ளே இருப்பவன் பார்த்திபன் என்று தெரிய வேண்டும். கோணல் சிரிப்பு உதட்டில் இருக்கும். கண் மட்டும் சிரிக்காது. இரட்டை வேடத்தின் முழுப் பயனும் அங்கேதான் இருக்கிறது.

இரு படங்களையும் இணைக்கும் ஒருவர்

1958 படத்தில் இரட்டையரின் தாயான அரசியாக வருபவர் பி. கண்ணாம்பா. 1942இல் ஜூபிடர் பிக்சர்சின் ‘கண்ணகி’ படத்தில் சின்னப்பா கோவலன், கண்ணாம்பா கண்ணகி. தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்ட அவர், இளங்கோவன் எழுதிய செந்தமிழ் வசனங்களைப் பாண்டியன் அவையில் முழங்கியதைப் பாட்டிமார் இன்றும் சொல்லக் கேட்கிறோம். நீதி கேட்டு மதுரையை எரித்தவளாக நடித்த அதே நடிகை, 16 ஆண்டுகளுக்குப் பின், இரண்டு மக்களில் எவன் அழிந்தாலும் தன் வயிறே எரியும் தாயாக நடிக்கிறார்.

கண்ணகி பழி வாங்கினாள் என்று எங்கள் பட்டிமன்றத்தில் ஒரு தோழி வாதிட்டாள். மற்றொருத்தி மறுத்தாள். கண்ணகி முதலில் வழக்குரைத்தாள். சிலம்பை உடைத்துச் சான்று காட்டினாள். மன்னன் தன் பிழையை உணர்ந்து உயிர்விட்டான். நகரை எரிக்கும்போதுகூட முதியோரையும் குழந்தைகளையும் நல்லோரையும் விட்டுவிடத் தீக்கு ஆணையிட்டாள் என்று சிலப்பதிகாரம் சொல்கிறது. கோபத்திலும் ஓர் எல்லை வைத்தவள் அவள். அந்த எல்லை எதுவரை நீதி, எதற்குமேல் பழி? இங்கேதான் உத்தம புத்திரன் கதை எங்களுக்குத் துணை வந்தது.

முகமூடி யாருக்கு?

முகமூடியிலிருந்து தப்பிய நல்லவன் கையில் இப்போது அதே முகமூடி இருக்கிறது. முன்னால் நிற்பவனோ அதைத் தனக்குப் பூட்டியவன். அவனை அரியணையிலிருந்து இறக்க வேண்டும் என்பதில் ஐயமில்லை. இறக்காவிட்டால் குடிமக்கள் துன்பம் தீராது. ஆனால் அந்த முகமூடியை அவனுக்குப் பூட்ட வேண்டுமா? ஆங்கிலப் படத்தில் நல்லவர் பக்கத்தார் அப்படியே செய்கிறார்கள். விளைவு என்ன? அவன் அதிலிருந்து மீண்டு இன்னும் கொடியவனாகத் திரும்பி வருகிறான். மறுபடி வாள்கள் உருவப்படுகின்றன. இரும்பு முகமூடி கை மாறுகிறதேயன்றி ஒழிவதில்லை.

அரியணையிலிருந்து இறக்குவது நீதி. முகமூடி பூட்டுவது பழி. நீதிக்குப் பின் ஊர் அமைதியடைகிறது. பழிக்குப் பின் அடுத்த பழி பிறக்கிறது. எங்களுக்கு எட்டிய வரையில் இக்கதையின் சாரம் இதுதான். இருவருக்கும் முகம் ஒன்றாக இருப்பதும் இதற்காகவே. அவன் செய்ததையே இவனும் செய்தால் இருவரையும் வேறுபடுத்திக் காட்ட எந்த நடிகராலும் முடியாது.

இதை எழுதும் எங்களுக்கு இது ஏட்டுச் சுரைக்காய் அன்று. பட்டிமன்றத்திற்குச் சில நாட்கள் முன்பு, பொருட்காட்சிக்காக எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தி இரண்டு வாரம் உழைத்து வரைந்த படத்தின்மேல் இன்னொருத்தி மையைக் கொட்டிவிட்டாள். கை தவறியதா, வேண்டுமென்றா என்று இன்றும் எங்களுக்குத் தெரியாது. அவள் மன்னிப்புக் கேட்கவுமில்லை. படத்தை இழந்தவள், மை கொட்டியவளின் விலங்கியல் ரெக்கார்டு நோட்டை எடுத்து ஒளித்துவிட்டாள். செய்முறைத் தேர்வுக்கு மூன்றே நாட்கள். நோட்டு இல்லையென்றால் ஆண்டு முழுவதும் பட்ட பாடு வீண். எங்களில் நான்கு பேருக்கு இது தெரியும். நாங்கள் வாய் திறக்கவில்லை. ‘அவளுக்கு வேண்டியதுதான்’ என்று உள்ளூர மகிழ்ந்தவர்களும் உண்டு. இதை எழுத இப்போது வெட்கமாக இருக்கிறது.

படம் பார்த்த அன்று மாலை, விளக்குப் போட்டதும் அவள் எங்களிடம் எதுவும் பேசாமல் எழுந்து போனாள். மறுநாள் காலை ரெக்கார்டு நோட்டு உரியவளின் மேசைமேல் இருந்தது. அவளே தன் கையால் கொண்டுபோய்க் கொடுத்தாள் என்று பிறகு அறிந்தோம். கொடுக்கும்போது, “நான்தான் எடுத்தேன்டி. ஆனா நீ என் படத்தைக் கெடுத்ததையும் நீயே சிஸ்டர்கிட்ட சொல்லணும்” என்று கேட்டாளாம். மற்றவளும் போய்ச் சொன்னாள். இருவரும் அன்றே கட்டித் தழுவிக்கொண்டார்கள் என்று எழுதினால் அது சினிமாவாகிவிடும். இன்னும் வெவ்வேறு பெஞ்சில்தான் உட்காருகிறார்கள். ஆனால் செய்முறைத் தேர்வுக்கு முதல் நாள், ஒருத்திக்குத் தெரியாத படத்தை மற்றவள் கரும்பலகையில் வரைந்து காட்டியதை நாங்கள் கண்ணாரக் கண்டோம்.

வள்ளுவர் பொறையுடைமைக்கு ஓர் அதிகாரமே ஒதுக்கினார். அதை மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கிய எங்களுக்கு, அதன் பொருள் ஒரு ரெக்கார்டு நோட்டில்தான் விளங்கிற்று. பொறுத்துக்கொள்வது என்றால் தவறைத் தவறென்று சொல்லாமல் விழுங்குவதன்று. தவறைச் சொல்வது, திருத்தக் கேட்பது, முகமூடியை மட்டும் கீழே போட்டுவிடுவது.

பட்டிமன்றத்தில் எந்த அணி வென்றது என்று கேட்பீர்கள். நடுவராக இருந்த தமிழாசிரியை தீர்ப்பை வழங்கினார். தோற்ற அணியினர் சிறிதும் பழி வாங்காமல், வென்ற அணிக்கு முறுக்கும் சுண்டலும் வாங்கித் தந்தனர்.

அடுத்த முறை ராஜ வீதிப் பக்கம் போகும் தோழியர், அங்கே வளர்ந்த ஒரு சிறுவன் குரலை இழந்தும் மனம் தளராமல் மீண்டு வந்ததை நினைத்துப் பாருங்கள். வீட்டுப் பெரியவர்களிடம் பி. யு. சின்னப்பாவைப் பற்றிக் கேளுங்கள். அவர்கள் கண்கள் மலர்வதைக் காண்பீர்கள். அடுத்த அரைமணி நேரம் அவர்கள் பாடவும் கூடும்!